கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? எஸ்.எம்.பி.எஸ். லேபிளையும் படியுங்கள்!

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விழுப்புரத்திலிருந்து சித்தி போன் செய்தார். "சீட்டு எடுத்திருக்கேன்டா. எழுபத்தஞ்சாயிரம் இருக்கு. தம்பிக்கு கம்ப்யூட்டர் வாங்கித் தரேன்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன். நீ கூடப் போய் பார்த்து வாங்கிக் குடு."

தம்பி அப்போது இன்ஜினியரிங் முதலாண்டு. கேம்ஸ் விளையாட வேண்டும், கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் பழக வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு கடையில் ஏற்கெனவே கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தான். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணா, ஐ7 தராங்க. 32 ஜிபி ராம், லிக்விட் கூலர், அஞ்சு லைட் ஃபேன். எல்லாம் 75,000-க்குள்ள" என்றான்.

பார்த்தவுடன் எனக்கும் நல்ல கொட்டேஷன் போலத்தான் தெரிந்தது. ஆனால் பட்டியலின் கடைசி இரண்டு வரிகள் இப்படி இருந்தன. கிராஃபிக்ஸ் கார்டு: ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. எஸ்.எம்.பி.எஸ்.: '450 வாட்ஸ் கேமிங்'. கம்பெனி பெயர் இல்லை.

ஜிடிஎக்ஸ் 1650 என்பது 2019-ல் வந்த ஆரம்ப நிலை கார்டு. கேம்ஸ் விளையாட வாங்கும் கம்ப்யூட்டரில் பணம் பிராசசருக்கும் லைட்டுக்கும் போயிருந்தது. கேமை ஓட்டப்போகும் கார்டுக்குப் போகவில்லை. அதைவிட என்னைப் பயமுறுத்தியது அந்தக் கடைசி வரிதான். காரணம், அதே வரியால் நான் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவன்.

நான் அடிபட்ட கதை

2018-ல் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அப்பா கொடுத்த பணத்தோடு, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தையும் போட்டு என் முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. பட்ஜெட் தாண்டியதால், கேபினட்டோடு இலவசமாக வந்த '450 வாட்ஸ்' எஸ்.எம்.பி.எஸ்.ஸையே போட்டுக்கொண்டேன்.

ஏழு மாதம் ஓடியது. ஒருநாள் இரவு கேம் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போகவில்லை. மதர்போர்டும் ஹார்டுடிஸ்க்கும் சேர்ந்து போயின. ஹார்டுடிஸ்க்கில் என் ஃபைனல் இயர் புராஜெக்ட் இருந்தது. வேறு எங்கும் காப்பி இல்லை. மூன்று வாரம் ஹாஸ்டலில் நண்பனின் லேப்டாப்பில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன்.

செத்துப்போன அந்தப் பெட்டியின் லேபிளை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன். +12 வோல்ட் என்ற கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12 x 16 = 192 வாட்ஸ். பிராசசருக்கு 65, கிராஃபிக்ஸ் கார்டுக்கு 120. இவை இரண்டுமே 185. ஃபேன்களும் ஹார்டுடிஸ்க் மோட்டாரும் அதே 12 வோல்ட்டில்தான் ஓட வேண்டும். ஏழு மாதமும் அது மூச்சு முட்டத்தான் ஓடியிருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ் என்பது பள்ளிக்கூடப் பாடம். எலெக்ட்ரானிக்ஸ் படித்த நான் அதைச் செய்து பார்க்கவில்லை!

எனவே தம்பியின் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, இருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். நாங்கள் தேர்வு செய்த வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

1. முதலில் மானிட்டர்

பலரும் மானிட்டரைக் கடைசியில் மீதிப் பணத்தில் வாங்குவார்கள். அது தவறு. மானிட்டரில் எத்தனை புள்ளிகள் என்பதுதான் கிராஃபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு வேலை என்பதை முடிவு செய்கிறது. 1920 x 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560 x 1440 என்றால் சுமார் 36.9 லட்சம், அதாவது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. 4கே என்றால் சரியாக நான்கு மடங்கு.

நடுத்தர பட்ஜெட்டில் 4கே ஆசை வேண்டாம். 24 அங்குலம், 1080 ரெசல்யூஷன், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நாங்கள் முடிவு செய்தோம். 144 ஹெர்ட்ஸ் என்றால் திரையை வினாடிக்கு 144 முறை புதிதாக வரையும். வேகமான கேம்களில் 60 ஹெர்ட்ஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

2. கிராஃபிக்ஸ் கார்டு

கேமிங் கம்ப்யூட்டரில் மொத்தப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை இதற்கு ஒதுக்கலாம். 1080 ரெசல்யூஷனுக்கு அப்போது எங்கள் பணத்தில் சரியாக வந்தது ஆர்டிஎக்ஸ் 4060. இது 2023-ல் வந்த 8 ஜிபி கார்டு. மின்சாரத் தேவை 115 வாட்ஸ்தான் என்பது கூடுதல் வசதி.

இன்று வாங்குபவர்கள் கார்டின் மெமரி அளவை அவசியம் பாருங்கள். புதிய கேம்கள் சிலவற்றில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி போதாமல் திணறுகிறது. ஒரே பெயரில் இரண்டு அளவுகளும் வருகின்றன. உதாரணமாக 2025-ல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டும் 8 ஜிபியிலும் உண்டு, 16 ஜிபியிலும் உண்டு. பில்லில் பெயர் மட்டும் இருந்தால் போதாது; எத்தனை ஜிபி என்றும் எழுதச் சொல்லுங்கள்.

3. பிராசசரும் மதர்போர்டும்

ஐ7 என்ற பெயரைக் கேட்டாலே பலருக்கு ஒரு மயக்கம். இந்த பட்ஜெட்டில் கேம்ஸுக்கு 6 கோர், 12 த்ரெட் உள்ள பிராசசர் தாராளமாகப் போதும். நாங்கள் வாங்கியது ரைசன் 5 5600. இன்டெல் விரும்புபவர்களுக்கு கோர் ஐ5 12400எஃப் இதே தரத்தில் இருந்தது. மிச்சமான பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போட்டோம்.

இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் வசதி இல்லை என்று அர்த்தம். ரைசன் 5 5600-லும் இல்லை. இவற்றில் கிராஃபிக்ஸ் கார்டு பழுதானால் திரையில் ஒன்றும் வராது.

மதர்போர்டை சாக்கெட் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 5600-க்கு ஏஎம்4 சாக்கெட். அதற்கு பி550 போர்டு வாங்கினோம். ஏஎம்4 என்பது பழைய சாக்கெட். 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். விலை கூடுதல். ஆனால் 2027-ம் ஆண்டும் அதற்குப் பிறகும் அதற்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி 2024-ல் அறிவித்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் ஏஎம்5 பக்கம் போகலாம். எங்களிடம் அதற்குப் பணம் இல்லை.

4. ராமும் எஸ்.எஸ்.டி.யும்

16 ஜிபி ராம் வேண்டும் என்றால் ஒரே 16 ஜிபியாக வாங்காமல் 8 ஜிபியாக இரண்டு வாங்குங்கள். இரண்டு சேனலில் ஓடும்போது டேட்டா போகும் பாதை இரட்டிப்பாகும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போட வேண்டும். மதர்போர்டு புத்தகத்தில் படம் இருக்கும்.

எஸ்.எஸ்.டி. 1 டிபி, என்விஎம்இ வகை. இன்று பல பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. 256 ஜிபி வாங்கினால் விண்டோஸும் ஒரு கேமும் போட்டவுடன் இடம் முடிந்துவிடும்.

5. எஸ்.எம்.பி.எஸ்.

கணக்கை எளிதாகப் போடலாம். கிராஃபிக்ஸ் கார்டு 115 வாட்ஸ், பிராசசர் உச்சத்தில் 76, போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 250 வாட்ஸ். இதற்கு நல்ல கம்பெனியின் 550 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினோம். பாதிச் சுமையில் ஓடும்போது சூடும் சத்தமும் குறைவு. நாளை பெரிய கார்டு போட்டாலும் தாங்கும்.

80 பிளஸ் முத்திரை என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டுமே. எனவே அதோடு நின்றுவிடாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, லேபிளில் +12 வோல்ட் ஆம்பியர். 550 வாட்ஸ் என்று சொல்லும் பெட்டியில் 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்ஸுக்கு மேல், அதாவது சுமார் 42 ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு, ஓவர் வோல்டேஜ், ஓவர் பவர், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் உள்ளனவா என்பது. மூன்று, வாரண்டி எத்தனை வருடம் என்பது. நாங்கள் வாங்கியதற்கு ஐந்து வருடம்.

பணம் எங்கே போனது?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஏறி இறங்கி வாங்கியதன் ரவுண்டு கணக்கு இது (2024 அக்டோபர், வரி உட்பட):

கிராஃபிக்ஸ் கார்டு - 28,500
பிராசசர் - 11,500
மதர்போர்டு - 9,000
மானிட்டர் - 9,000
எஸ்.எஸ்.டி. - 5,500
எஸ்.எம்.பி.எஸ். - 4,500
ராம் - 3,500
கேபினட் - 3,500
மொத்தம் - 75,000 ரூபாய்

கீபோர்டும் மவுஸும் பழையவை. லிக்விட் கூலர் வாங்கவில்லை. பிராசசர் பெட்டியிலேயே வரும் கூலர் போதும்.

இந்த விலைகளை அப்படியே நம்பிக் கடைக்குப் போக வேண்டாம். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம், எஸ்.எஸ்.டி. விலைகள் கடுமையாக ஏறின. விலை மாறினாலும் எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்ற வரிசை மாறாது. ராம் விலை ஏறிவிட்டது என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கை வைக்காதீர்கள். லைட்டில் குறையுங்கள், கேபினட்டில் குறையுங்கள்.

அசெம்பிள் செய்த பிறகு

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பயாஸில் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 வேக ராம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகத்தைச் சரிபார்க்கலாம். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸைத் தேர்வு செய்யுங்கள். 144 மானிட்டரை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு.

வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். யுபிஎஸ் வாங்கினால் விஏ எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில் வாங்கி, சீரியல் நம்பர்களை எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்பது சிரமம்.

விழுப்புரத்தில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்தபோது சித்தி பில்லைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்தக் கறுப்பு டப்பாவுக்கா நாலாயிரத்து ஐநூறு? இது என்னடா பண்ணும்?" என்றார்.

"கரண்ட் குடுக்கும் சித்தி."

"கரண்டா? அதுக்கு ஈ.பி. பில்லு தனியா கட்டுறேனே!"

தம்பி சிரித்தான். பிறகு அந்த டப்பாவைத் திருப்பி, லேபிளில் +12 வோல்ட் கட்டத்தைக் கண்டுபிடித்து, போனில் கால்குலேட்டரைத் திறந்து பெருக்கிப் பார்த்தான். "சரியா இருக்குண்ணா" என்று என்னிடம் கொடுத்தான். கேபினட்டில் முதலில் அதைத்தான் மாட்டினோம்.