தண்ணீரைக் குறை சொல்லும் முன்

ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும்போது அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "இங்க தண்ணி ஒத்துக்கலம்மா, முடி கொத்துக் கொத்தா கொட்டுது." மாதாப்பூர், கொண்டாப்பூர் பக்கத்து விடுதிகள் பலவற்றில் போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோதான். குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டே தலைக்குக் குளிப்பவர்களுக்குச் சந்தேகம் வேறெங்கும் போகாது.

உப்புத் தண்ணீர் முடிக்கு நல்லதில்லைதான். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது ஒடியும். ஆனால் ஒடிவது வேறு, உதிர்வது வேறு. சீப்பில் வந்த முடியைக் கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்னதாக வெள்ளை முடிச்சு தெரிந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. முடிச்சே இல்லாத குட்டைத் துண்டு என்றால் ஒடிந்தது. குழாய்த் தண்ணீர் தோலுக்கு வெளியே இருக்கும் முடியைத்தான் கெடுக்கும். முடிச்சோடு விழுகிற முடிக்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிறது. அதுவும் பழைய காரணமாக இருக்கும்.

தலையில் சுமார் 1 லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள், மாதம் ஏறத்தாழ 1 செ.மீ. வீதம் வளரும். பிறகு வேர் சுருங்கி, 3 மாதம் போல ஓய்ந்திருந்து விழும். நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடக்கும் டயட், பெரிய மன உளைச்சல் ஆகியவற்றில் ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமானவை ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. கொரோனா வந்து போனவர்கள் பலருக்கு இப்படித்தான் கொட்டியது. பிப்ரவரியில் ஊர் மாறி, தூக்கம் மாறி, காலைச் சாப்பாடும் நின்றுபோனால் மே மாதம் முடி கொட்டும். அதற்குள் பிப்ரவரி மறந்துபோயிருக்கும், குழாய் மட்டும் கண்ணில் படும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தார்நாக்காவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. 1960களில் அதன் இயக்குநராக இருந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். புரதக் குறைவால் உடல் வீங்கி வாடிய குழந்தைகளைப் பற்றிய ஆய்வு அவருடைய பெரும்பணிகளில் ஒன்று. அந்த நோயில் முடி நிறம் வெளுத்து மெலியும். இழுத்தால் வலியில்லாமல் கையோடு வரும். சாப்பாடு சரியானதும் மறுபடி கறுப்பாக வளரும். ஒரே முடியில் வெளுப்பும் கறுப்பும் பட்டை பட்டையாகத் தெரிவதை மருத்துவர்கள் 'கொடி அடையாளம்' என்பார்கள். அந்தக் குழந்தை எந்த மாதம் சாப்பிட்டது, எந்த மாதம் பட்டினி கிடந்தது என்பது முடியிலேயே பதிவாகியிருக்கும்.

விடுதிப் பிள்ளைகளின் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மெஸ்ஸில் வெள்ளைச் சோறும் ஊறுகாயுமாக ஓட்டிவிட்டு, பயோட்டின் மாத்திரைக்குக் காசைக் கொட்டுவது என்னைப் பதறவைக்கிறது. முதலில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு பார்க்க வேண்டும்.

பரம்பரை வழுக்கையின் கதை வேறு. டி.எச்.டி. என்ற ஹார்மோனால் வேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போகும். வட்டமாகக் கொட்டும் புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. 2025 ஏப்ரலில் ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில், மொட்டையடித்து மருந்து தடவினால் முடி முளைக்கும் என்று நம்பி வழுக்கைத் தலையோடு பெருங்கூட்டம் வரிசையில் நின்றது. தார்நாக்காவிலிருந்து சில கிலோமீட்டர்தான் அந்த இடம். வழுக்கைக்கு மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு போன்ற சோதித்த மருந்துகள் உண்டு. பலன் தெரியவே மாதங்கள் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். மருத்துவரைக் கேட்காமல் தொடவும் கூடாது.

காய்ச்சலாலோ அலைச்சலாலோ கொட்டிய முடி பெரும்பாலும் 6 மாதத்துக்குள் நின்று, திரும்ப வளரும். நிற்கவில்லை என்றாலோ, வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். கடந்த அரை வருடத்தில் வந்த நோய், சாப்பிட்ட மாத்திரை, மாறிய சாப்பாடு எல்லாவற்றையும் மாதவாரியாக எழுதி எடுத்துப்போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.