கப்படோக்கியா முதல் சித்தன்னவாசல் வரை: கைக்கு எட்டாத ஓவியம் மட்டும் ஏன் தப்பியது?

இன்ஸ்டாவில் கப்படோக்கியா பலூன் ரீல்ஸைப் பார்க்காதவர்கள் குறைவு. துருக்கியில் இருக்கும் அந்தப் பாறைக் கூம்புகளுக்குள் குடைந்த தேவாலயங்களும், சுவர் முழுக்க பைசாந்தியக் காலத்து ஓவியங்களும் உண்டு. 'கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் பார்க்கிற நமக்கு துருக்கி எல்லாம் எப்போ?' என்று ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போகிறீர்களா? ஒரு நிமிஷம். பாறையைக் குடைந்து வண்ணம் தீட்டிய கதை நம்ம ஊரிலும் இருக்கு.

துருக்கியில் என்ன ஸ்பெஷல்?

கப்படோக்கியாவின் கோரெமே பகுதியை யுனெஸ்கோ 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்மையான பாறை என்பதால் குடைவது சுலபம். அங்கே 'இருட்டுத் தேவாலயம்' என்றே ஒன்று இருக்கிறது. சின்ன ஜன்னல் வழியாக மட்டும் வெளிச்சம் வருவதால்தான் அதன் வண்ணங்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.

ஓவியம் எப்படி சுவரில் நிற்கிறது?

ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ணம் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சி மறுபடியும் கல் மாதிரி இறுகும். வண்ணமும் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதுதான் ஃப்ரெஸ்கோ. பூச்சு காய்ந்த பிறகு பசை கலந்து தீட்டுவது இன்னொரு முறை. அது சீக்கிரம் உரியும்.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

திருவள்ளூரிலிருந்து அரக்கோணத்தைத் தாண்டினால், ராணிப்பேட்டை மாவட்டத்தில் மகேந்திரவாடி. தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து, 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் செய்த விஷ்ணு கோயில் அங்கே இருக்கிறது. 'சித்திரகாரப்புலி', அதாவது ஓவியர்களில் புலி, என்பது அவன் பட்டங்களில் ஒன்று. ஆனால் அங்கே போனால் கல்லும் கல்வெட்டும்தான். ஓவியம் எதுவும் இல்லை.

பல்லவ ஓவியம் பார்க்கணும்னா காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். இது குடைவரை இல்லை. 8-ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. பிராகாரத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்னச் சந்நிதிகளுக்குள் எட்டிப் பாருங்கள். பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியத் துண்டுகளை 1931-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் வெளிக்கொண்டு வந்தார்.

குடைவரையும் ஓவியமும் ஒரே இடத்தில் வேண்டுமா? ராத்திரி ரயிலில் புதுக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து சித்தன்னவாசல். சமணர்களின் அறிவர் கோயில் இது. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கூரையில் தாமரைக் குளம், அதில் மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் துறவி. தூண்களில் நடன மங்கையர்.

சரி, எங்கே மிச்சமிருக்கு?

சித்தன்னவாசலில் இதைக் கவனியுங்கள். ஓவியம் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது கூரையிலும் தூண்களின் மேல்பகுதியிலும்தான். ஈரம், புகை, காலம் எல்லாமே காரணம். ஆனாலும் கைக்கு எட்டும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பது நமக்கான செய்தி. தடவிப் பார்த்தவர்களும் பெயர் கீறியவர்களும் கொடிய ஆட்கள் இல்லை. நம்மைப் போல ஒரு நாள் டூர் வந்தவர்கள்தான்.

போகும்போது மறக்காதீங்க

* சுவரைத் தொட வேண்டாம், சாய வேண்டாம். கையில் இருக்கும் வியர்வை உப்பும் எண்ணெய்ப் பசையும் பூச்சுக்கு ஆகாது.
* போட்டோ எடுக்கலாமா என்று காவலரிடம் கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.
* உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள். அதன் பிறகுதான் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும்.
* குழந்தைகள் கூட வந்தால், தொடக்கூடாது என்பதை வெளியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓவியர்களில் புலி என்று பெயர் வாங்கிய ராஜாவின் கோயிலிலேயே இன்று பார்க்க ஓர் ஓவியம் இல்லை. சித்தன்னவாசல் கூரையில் மிஞ்சியிருக்கும் குளமாவது அடுத்த தலைமுறைக்குப் போகட்டும். அண்ணாந்து பார்த்தால் போதும். கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.