புதைகுழிகள் பேரம் பேசும் பொருளல்ல

2025 செப்டெம்பர் 6ஆம் திகதி, மேற்கு உக்ரெயினின் தெர்னோபில் மாகாணத்தில், புஷ்னிகி என்ற கிராமம் முன்னர் இருந்த இடத்தில், குறைந்தது 42 பேரின் எச்சங்கள் சமயக் கிரியைகளுடன் நல்லடக்கம் செய்யப்பட்டன. 1945 பெப்ரவரியில் ஓர் இரவில் கொல்லப்பட்ட போலந்துக் கிராமவாசிகளே அவர்கள். அந்த எலும்புகளுக்குச் சவப்பெட்டி கிடைப்பதற்கு எண்பது ஆண்டுகள் சென்றது ஏன் என்பதை விளங்கிக்கொள்வது அவசியமென நாம் கருதுகின்றோம்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வொலீனியாவும் கிழக்குக் கலீசியாவும் போலந்தின் ஆட்சியில் இருந்தன. அங்கு பெரும்பான்மையினர் உக்ரெயினியர். போலந்துக் குடியேற்றவாசிகளுக்குக் காணிகள் வழங்கப்பட்டமையும், உக்ரெயின் மொழிப் பாடசாலைகள் குறைக்கப்பட்டமையும் ஆறாத கசப்பை வளர்த்தன. 1939இல் சோவியத் படைகளும் 1941இல் ஜேர்மனியப் படைகளும் அப்பிரதேசத்தைக் கைப்பற்றின. யூதர்களை நாஸிகள் கொன்றொழித்தபோது துணைப் பொலிஸாராகப் பயன்படுத்தப்பட்ட உக்ரெயினியர் ஆயிரக்கணக்கில், 1943 வசந்த காலத்தில், ஆயுதங்களுடன் உக்ரெயின் கிளர்ச்சிப் படையில் இணைந்தனர். தாம் அமைக்கவிருக்கும் நாட்டில் போலந்தியருக்கு இடமில்லை என்பதே வொலீனியாவில் அப்படைத் தலைமையின் முடிவாயிற்று.

1943 ஜூலை 11ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ நூறு கிராமங்கள் ஒரே நாளில் தாக்கப்பட்டன. தேவாலயங்களில் திருப்பலியில் இருந்தோரும் தப்பவில்லை. துப்பாக்கிகளுடன் கோடரிகளும் அரிவாள்களும் பயன்படுத்தப்பட்டன. 1945 வரை நீடித்த இப்படுகொலைகளில் மாண்ட போலந்தியர் சுமார் ஒரு இலட்சம் என மதிப்பிடப்படுகின்றது. பதிலடி என்ற பெயரில் போலந்து ஆயுதக் குழுக்கள் ஆயிரக்கணக்கான உக்ரெயினியரைக் கொன்றன. 1944 மார்ச்சில் சாஹ்ரின் கிராமம் அவ்வாறே எரியூட்டப்பட்டது. இவ்வளவுக்கும் மத்தியில், அயலவரான போலந்தியரை மறைத்து வைத்துக் காத்த உக்ரெயினியரும் இருந்தனர். அவர்களிற் பலர் அதற்காகவே கொல்லப்பட்டனர்.

கம்யூனிச ஆட்சிக் காலம் இவையனைத்தையும் மௌனத்தில் புதைத்தது. 1992இல் ஒஸ்த்ரூவ்கியில் முதன்முதலாக அகழ்வு இடம்பெற்றது. 2003இல் இரு நாட்டு ஜனாதிபதிகளும் பவ்லிவ்காவில் ஒன்றாக அஞ்சலி செலுத்தினர். ஆயினும், அதே கிளர்ச்சிப் படை சோவியத் ஆட்சிக்கு எதிராக 1950கள் வரை போராடியதால், உக்ரெயினியர் பலருக்கு அப்படையினர் விடுதலை வீரர்கள். போலந்துக் குடும்பங்களுக்கோ அவர்கள் கொலையாளிகள். 2016இல் போலந்துப் பாராளுமன்றம் இதனை இனப்படுகொலை எனப் பிரகடனம் செய்தது. உக்ரெயின் அச்சொல்லை ஏற்கவில்லை. 2017இல் போலந்தின் ஹ்ருஷோவிச்சே கிராமத்தில் கிளர்ச்சிப் படையினரின் நினைவுச் சின்னம் அகற்றப்பட்டதைத் தொடர்ந்து, அகழ்வுகளுக்கான அனுமதியை உக்ரெயின் நிறுத்தியது. 2024 நவம்பரில் இரு நாட்டு வெளிவிவகார அமைச்சர்களும் இணக்கம் கண்ட பின்னரே புஷ்னிகியின் மண் தோண்டப்பட்டது.

இங்கு நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே. ஒரு சின்னம் இடிக்கப்பட்டமைக்கான தண்டனையை அனுபவித்தவர்கள் அதனை இடித்தவர்களல்லர். தாய் தந்தையரின் எலும்புகளுக்காகக் காத்திருந்த முதியவர்களே. அவர்களிற் பலர் அக்காத்திருப்பிலேயே கண்மூடியிருப்பர். அகழ்வு அனுமதியை இராஜதந்திரப் பேரப்பொருளாக்கும் அரசு, இறந்தோரை இரண்டாவது முறையும் பணயம் வைக்கின்றது. அதேபோன்று, கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையைத் தேர்தல் மேடையில் முழங்குவோரும் அவர்களுக்கு நீதி செய்தவராகார்.

கொலையை எப்பெயரால் அழைப்பது என்பது முக்கியமான வினாவே. அதனை வரலாற்றாசிரியரும் சட்ட அறிஞரும் ஆதாரங்களுடன் விவாதிக்கட்டும். ஆனால், அவ்விவாதம் முடியும் வரை புதைகுழி காத்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், மரபணுப் பரிசோதனையும் எலும்புகளில் பதிந்துள்ள காயங்களும் அவ்விவாதத்திற்கே சான்றுகளைத் தருகின்றன. சாஹ்ரினில் மாண்ட உக்ரெயினியருக்கும் புஷ்னிகியில் மாண்ட போலந்தியருக்கும் அஞ்சலி செலுத்துவது, இரு தரப்புக் குற்றங்களையும் ஒரே அளவினதாக்குவதாகாது. கொல்லப்பட்ட கிராமவாசி எவராயினும் அவருக்கு ஒரு பெயரும் ஒரு கல்லறையும் உண்டு என ஒப்புக்கொள்வதேயாகும்.

ரஷ்யப் படையெடுப்பு 2022இல் தொடங்கிய பின்னர் உக்ரெயின் அகதிகளுக்குத் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்தவர்கள் போலந்து மக்கள். இத்தகைய நட்பு, உண்மையைத் தாங்குமளவுக்கு வலிமையானது. வொலீனியாவின் வயல்களில் இன்னும் தோண்டப்படாத குழிகள் பல உள்ளன. அவற்றையும் தாமதமின்றித் திறப்பதே இரு அரசுகளுக்கும் உள்ள கடமையாகும்.