ஏவலும் செயலுருபும்



பைத்தான் நிரல் ஒன்றிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்கும் பாடம், 2019 இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் உள்ளது. அதன் உட்கருத்தைச் சற்றே விரித்துரைப்பேன்.

சிவகாசி அச்சகத்தாரிடம் நாட்காட்டி அச்சிடச் சொல்வோர், அவ்வளவோடு நிறுத்துவதில்லை. எத்தனைப் படிகள், எவ்வகைத் தாள், எத்தனை வண்ணம் என்பனவற்றையும் குறிப்பர். கணிப்பொறியின் கட்டளை வரியும் அத்தகையதே. முதற்சொல் இயங்கவேண்டிய நிரலின் பெயர்; தொடர்ந்து வருவன அதற்கு நாம் தரும் விவரங்கள். இவையே செயலுருபுகள். பைத்தான் நிரல் இவற்றை ஒரு பட்டியலாகப் பெறும். அதில் 0 ஆம் இடத்தில் நிரலின் பெயரும், 1 ஆம் இடம் முதல் செயலுருபுகளும் அமையும்.

ஒரு செயலுருபு எங்கே முடிகிறது என்பதை ஷெல் எவ்வாறு அறியும்? 1979 இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த போர்ன் ஷெல்லும், இன்று லினக்ஸில் வழங்கும் பாஷ் ஷெல்லும் இடைவெளியையே எல்லையாகக் கொள்கின்றன. இங்கேதான் இடர் பிறக்கிறது.

பட்டாசு வணிகர் ஒருவரின் கணிப்பொறியில் ‘கணக்கு’, ‘பழைய கணக்கு’ என இரண்டு கோப்புறைகள் இருப்பதாகக் கொள்வோம். பின்னதை நீக்க எண்ணி, கோப்புறையை உள்ளடக்கத்தோடு அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குப் பின் பழைய கணக்கு என்று எழுதினால், ஷெல் அதனை இரு பெயர்களாகவே பிரிக்கும். ‘பழைய’ என்பது இல்லை எனப் பிழை காட்டும், ‘கணக்கு’ அழிந்தொழியும். நீக்க எண்ணியதோ நிலைத்திருக்கும்! நிரல் முடிந்தபின் தரும் எண் 0 ஆயின் வெற்றி, வேறாயின் பிழை என்பது மரபு. இங்கு அவ்வெண் பிழையை உணர்த்தும். ஆயினும் அழிந்தது மீளாது.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. ஷெல்லில் எழுதுங்கால் முழுப்பெயரையும் மேற்கோள்குறிக்குள் அடைத்தல் வேண்டும். பெயரை மாறி ஒன்றில் வைத்திருப்பினும் அம்மாறியையும் அவ்வாறே அடைத்தல் நன்று. பைத்தானில் ஓஎஸ் தொகுதியின் சிஸ்டம் செயற்கூறு, கட்டளை முழுவதையும் ஒரே சரமாக ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. அதற்கு மாறாக, சப்பிராசஸ் தொகுதியின் ரன் செயற்கூற்றுக்கு நிரலின் பெயரையும் செயலுருபுகளையும் தனித்தனி உறுப்புகளாகப் பட்டியலிட்டுத் தந்தால், இடையில் ஷெல் புகாது. நாம் வகுத்த எல்லையும் மாறாது.

கணிப்பொறி நம் கருத்தை அறியாது. எழுத்தை மட்டுமே அறியும். ஆதலின், ஏவுமுன் எல்லையை வகுத்துக்கொள்க.