தீமை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் அமாவாசை இரவில் போனால், கம்பெனி கேட்டுக்கு முன்னால் பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். மேலே சின்னதாக ஒரு துளை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் கொட்டி, உச்சியில் கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டு உடைத்திருப்பார்கள். லாரி பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கும். திருஷ்டியை நம்புகிறவருக்குத் தீமை நிஜம். அது அடுத்தவர் கண்ணில் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உடைத்த காயை ஓரமாகத் தள்ளிவிடுங்கள். ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர் அதில் சறுக்கி விழுந்தால், அந்தத் தீமையை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

திருவாலங்காடு, நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை. கூத்தனின் காலடியில் கிடக்கும் முயலகனை உற்றுப் பாருங்கள். அவன் சாகவில்லை, மிதிபட்டுக் கிடக்கிறான், அவ்வளவுதான். ஆணவ மலத்தின் உருவம் என்று சைவர்கள் அவனைச் சொல்வார்கள். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் பொய்த்தோற்றம் அல்ல. உயிரைப் போலவே அதற்கும் தொடக்கம் கிடையாது. முத்தியில்கூட அது அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் ‘திருவருட்பயன்’ நூலில் ‘இருண்மல நிலை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். இருட்டு மற்ற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிக்கொள்ளும். ஆணவம் தன்னையும் காட்டாது என்பது அவர் வாதம். தீமையைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. தன்னிடம் இருப்பதே தெரியாத ஒன்றை எந்த எலுமிச்சம்பழத்தால் விரட்டுவது?

அதே திருவாலங்காட்டை ஒட்டியதுதான் பழையனூர், நீலி கதை நடந்த ஊர். முற்பிறவியில் நீலியைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வருகிறான். பேயான நீலி, கையில் பிள்ளையோடு அவன் மனைவியாக நடித்து ஊர் வேளாளரிடம் நியாயம் கேட்கிறாள். அவர்கள் எழுபது பேர். ‘உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்’ என்று வணிகனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். அவள் அவனைக் கொன்று பழி தீர்க்கிறாள். அவர்கள் சொன்னபடியே தீப்பாய்கிறார்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு இருக்கிறது. இதில் தீயவர் யார்? கொலை செய்தவனா, கொலையுண்டு பேயானவளா? ஊரில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் ‘நீலி’ என்கிறோம். முதலில் கொன்றவனின் பெயர் ஒரு வசவாகவும் மிஞ்சவில்லை. அந்த அநியாயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: கேட்டு வாங்கிப் பேய் வடிவம் பெற்ற காரைக்கால் அம்மையார், ஆடும் இறைவனின் அடிக்கீழ் அமர்ந்து பாடியதும் இதே ஆலங்காட்டில்தான். பேய் உருவம் வேறு, தீமை வேறு என்று இந்த ஊர் வெகுகாலமாகவே அறிந்திருக்கிறது.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெல்லம் கரைவதுபோல் நோயும் வினையும் கரையும் என்பது நம்பிக்கை. கோயில் நிர்வாகம் அகோபில மடத்திடம், அதாவது வடகலை மரபில் இருக்கிறது. அடியாரின் குற்றத்தைப் பெருமாள் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் வடகலைக்கும் தென்கலைக்கும் பல நூற்றாண்டுத் தர்க்கம் உண்டு. குற்றத்தை அவர் கண்டும் காணாமல் விடுகிறார் என்பது வடகலை. ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை நக்குவதுபோல் குற்றத்தையே விரும்பி ஏற்கிறார் என்பது தென்கலை. குற்றம் இல்லவே இல்லை என்று மட்டும் இரு தரப்பும் சொல்லவில்லை.

அப்படிச் சொல்வதற்கு அருகில் வருவது சங்கரரின் அத்வைதம்: பிரம்மத்தின் நிலையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உலக நடைமுறையில் மட்டும் இரண்டும் உண்டு. மத்வர் நேர் எதிர்: இயல்பாகவே இருளுக்கு உரிய உயிர்களும் உண்டு, அவற்றுக்கு மீட்சியே இல்லை.

செங்குன்றம் போகும் வழியில் புழலில் சமணர்களின் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. அவர்களுக்கு வினை என்பது வெறும் கணக்கு அல்ல, உயிரில் வந்து படியும் நுண்பொருள். தவத்தால் அதை உதிர்க்க வேண்டும்.

பொன்னேரியைத் தாண்டினால் பழவேற்காடு. போர்த்துகீசியர் காலத்து மாதா கோயிலும் பழைய பள்ளிவாசலும் உள்ள ஊர். கத்தோலிக்கச் சிந்தனையில் பெரிய பெயரான அகுஸ்தீனார் இளமையில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் மானியின் மார்க்கத்தில் இருந்தவர். ஒளியும் இருளும் இரண்டு ஆதிசக்திகள் என்பது அந்த மார்க்கம். அதைவிட்டு 387இல் ஞானஸ்நானம் பெற்ற பின், தீமை தனிப்பொருள் அல்ல, நன்மையின் குறைவு என்று எழுதினார். ஆனாலும் பாஸ்கா இரவில் ‘சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?’ என்று இன்றும் கேட்கிறார்கள். இஸ்லாத்தில் ஷைத்தான் உண்டு, அதிகாரம்தான் இல்லை. ‘நான் கூப்பிட்டேன், நீங்களாகத்தான் வந்தீர்கள்’ என்று தீர்ப்பு நாளில் அவன் கைகழுவிவிடுவான் என்ற கருத்து குர்ஆனின் 14ஆம் அத்தியாயத்தில் வருகிறது.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் கால் வைத்ததும் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷம் உண்ட சிவன் இங்கே பார்வதி மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். சிவனைப் பள்ளிகொண்ட கோலத்தில் காண்பது மிக அரிது. விஷம் மாயை என்று புராணம் சொல்லவில்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தொண்டையில் நிறுத்த வேண்டியிருந்தது என்கிறது. பிரதோஷத்தன்று கூட்டம் நெரியும். அந்த முகத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் சாதாரண நாளில் போங்கள்.