ஒரு சொல், ஒரு துப்பு



சென்ற தீபாவளிக்கு மறுநாள் மாலை, பூச்சோங்கில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் உறவினர் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். முறுக்கும் அச்சு பலகாரமும் தேநீரும் முடிந்த பிறகு, அந்த வீட்டுப் பிள்ளைகள் கூடத்தின் நடுவில் பாயை விரித்து, ஒரு சொல் விளையாட்டைத் தொடங்கினார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொண்டோம். அரைமணி நேரம் கூட ஆகியிருக்காது. பெரிய வாக்குவாதம் மூண்டுவிட்டது. காரணம், அந்த வீட்டுப் பாட்டி சொன்ன ஒரே ஒரு சொல்: “கித்தா.”

“அது மலாய்ச் சொல். அதைச் சொல்லக்கூடாது” என்றான், கல்லூரியில் படிக்கும் மூத்த பேரன். “எனக்கு மலாய் எங்கேப்பா தெரியும்? எங்க அப்பாவும் கித்தான்னுதான் சொன்னாரு, நானும் அப்படித்தான் சொல்றேன்” என்றார் பாட்டி. யார் சொன்னது சரி? அந்த வழக்கின் தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் அந்த விளையாட்டு எத்தகையது, அதில் துப்புக் கொடுப்பது எப்படி, சண்டைகள் ஏன் வருகின்றன என்பதைப் பார்ப்போம்.

விளையாட்டின் பெயர் கோட்நேம்ஸ். மறைபெயர்கள் என்று தமிழில் சொல்லலாம். செக் நாட்டைச் சேர்ந்த விளாடா குவாட்டில் என்பவர் அமைத்து, 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2016இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது. பெட்டியில் வருவது ஆங்கிலச் சொற்கள். பாட்டிக்காக அந்த வீட்டுப் பிள்ளைகள் பழைய நாள்காட்டி அட்டைகளை வெட்டி, தமிழ்ச் சொற்களை எழுதி வைத்திருந்தார்கள்.

ஆடும் முறை எளியது. இருபத்தைந்து சொல் அட்டைகளை, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் பரப்ப வேண்டும. ஆடுபவர்கள் சிவப்பு, நீலம் என்று இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். அணிக்கு ஒரு தலைவர். எந்தச் சொல் எந்த அணிக்கு உரியது என்ற வரைபடம் தலைவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். முதலில் ஆடும் அணிக்கு 9 சொற்கள், மற்ற அணிக்கு 8, யாருக்கும் சேராதவை 7. மீதி ஒன்று நச்சுச் சொல். அதைத் தொட்ட அணி அந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

தலைவர் தம் அணியினருக்கு ஒரே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் சொல்லலாம். “மழை, இரண்டு” என்று அவர் சொன்னால், மழையோடு தொடர்புடைய இரண்டு சொற்கள் நமக்கு உரியவை என்று பொருள். அணியினர் கலந்து பேசி ஒவ்வொன்றாகத் தொடுவார்கள். சொன்ன எண்ணுக்கு மேல் இன்னும் ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம். முன் சுற்றில் விட்டதைப் பிடிக்க அது உதவும். பிறர் சொல்லைத் தொட்டால் ஆட்டம் அடுத்த அணிக்குப் போய்விடும். தம் சொற்கள் அனைத்தையும் முதலில் கண்டுபிடித்த அணியே வென்றது.

“இது நமக்குப் புதிதா?” என்று கேட்டால், பாதி புதிது, பாதி மிகப் பழையது என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர வைக்கும் கலையைத் தமிழர் பல நூற்றாண்டுகளாக அறிவர். தொல்காப்பியம் தன் செய்யுளியலில் ‘பிசி’ என்ற ஒன்றைச் சொல்கிறது. நாம் விடுகதை என்று சொல்வதன் பழைய பெயர் அது. உவமையால் குறிப்பது, தோன்றும் தன்மையைக் கூறி அறிய வைப்பது என்று அதற்கு இரு வகையும் வகுத்திருக்கிறது. லயத்து வாசலில் இரவு வேளையில் விடுகதை போட்டு வளர்ந்தவர்கள் நம்மில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாங்களே ஒரு விடுகதை கட்டிப் பார்த்தோம்: “வெட்டினாலும் கோபமில்லை, வெட்டியவன் வீட்டில் உலை கொதிக்கும். அவன் யார்?” முதியவர்கள் எல்லாரும் “கித்தா மரம்” என்றார்கள். நடுவயதுக்காரர் ஒருவர் “செம்பனை” என்றார். குலை வெட்டிப் பிழைத்தவர் அவர். இரண்டும் பொருந்தத்தான் செய்கிறது! விடுகதையில் போட்டவர் மனத்தில் இருப்பதே விடை. போட்டவர் விரும்பினால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம். இந்த விளையாட்டில் அந்தச் சலுகை கிடையாது. விடை முன்பே வரைபடத்தில் நிற்கிறது. துப்புத்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

சரி, நல்ல துப்பு எது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நம் அணிக்கு உரிய சொற்களில் படி, வேல், குகை ஆகிய மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டுத் தமிழர் எவருக்கும் உடனே தோன்றும் துப்பு “பத்துமலை, மூன்று” என்பதுதான். 272 படிகள் ஏறிப் போகிற கோயில் அல்லவா! தலைவர் மகிழ்ச்சியோடு வாயைத் திறக்கப் போகிறார். ஆனால் அதே பரப்பில் ‘குரங்கு’ என்ற சொல்லும் கிடக்கிறது. அதுதான் நச்சுச் சொல். பத்துமலைக்குப் போய் வந்த எந்தக் குழந்தைக்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிய குரங்கு மறந்திருக்கும்? துப்பு அருமையானது; ஆட்டமோ அதிலேயே முடிந்துவிடும்.

அனுபவமுள்ள தலைவர் என்ன செய்வார்? “தைப்பூசம், மூன்று” என்று மாற்றிச் சொல்வார். தைப்பூசம் என்றதும் மனம் வேலையும், காவடியோடு ஏறும் படியையும், குகைக் கோயிலையும் நாடும். குரங்கு பின்னுக்குப் போய்விடும். ஆகவே முதல் பாடம் இது: நம் சொற்களை இணைக்கும் துப்பைத் தேடுமுன், தொடக்கூடாத சொற்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதையைக் காட்டுகிறவர் பள்ளத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது பாடம், தமிழ்ச் சொற்களின் பல பொருள். ஆறு என்றால் நீரோடும் ஆறு. ஐந்துக்கு அடுத்த எண்ணும் அதுவே. மாலை பொழுதாகவும் இருக்கும், கழுத்திலும் விழும். திங்கள் நிலவு, மாதம், கிழமை என்று மூன்று வேலை செய்யும். படி ஏறுவதற்கும் உண்டு, அளப்பதற்கும் உண்டு, ஆசிரியர் கட்டளையிடுவதற்கும் உண்டு. தலைவர் ஒரு பொருளை நினைக்க, கேட்பவர் வேறொரு பொருளை நினைப்பது இயல்பு. நல்ல தலைவர் இந்தப் பன்மையைப் பயன்படுத்திக்கொள்வார். கவனமில்லாதவர் அதில் சிக்கிக்கொள்வார்.

மூன்றாவது, எண்ணில் பேராசை கூடாது. நான்கு சொற்களை இழுத்துக் கட்டிய துப்பைவிட, இரண்டை உறுதியாகக் கட்டிய துப்பு மேல்.

இனி சண்டைகளுக்கு வருவோம். இந்த விளையாட்டில் சண்டை பெரும்பாலும் நான்கு இடங்களில்தான் பிறக்கிறது.

முதலாவது, ‘ஒரே சொல்’ என்பது எது? ஆங்கிலத்திலேயே இது தொல்லை; தமிழில் இரட்டைத் தொல்லை. நம் மொழியில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ‘பால்வெட்டு’ ஒரு சொல்லா, இரண்டா? ‘வந்துகொண்டிருந்தவனுக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இதுவும் ஒரு சொல்தான் என்று வாதாடினால் என்ன செய்வது? அந்த வீட்டில் செய்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒரு பொருளுக்கோ செயலுக்கோ மக்கள் வழங்கும் பெயராக இருந்தால், சேர்ந்து வந்தாலும் அது ஒரே சொல். ஆகவே பால்வெட்டு செல்லும். ஆட்டத்துக்காக அப்போதே ஒட்டவைத்தது செல்லாது.

இரண்டாவது, மேசையில் தெரியும் சொல்லையோ அதன் திரிபையோ துப்பாகச் சொல்லக்கூடாது. ‘மரம்’ என்ற அட்டை தெரியும்போது, ‘மரத்தடி’ என்பது ஆகாது. அந்த அட்டை மூடப்பட்ட பிறகு சொல்லலாம்.

மூன்றாவது, துப்பு பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். “ககரத்தில் தொடங்குவது” என்றோ “மூன்றாம் வரிசையில் இருப்பது” என்றோ குறிப்புக் காட்டக்கூடாது. வாயால் மட்டுமல்ல, முகத்தாலும் காட்டக்கூடாது. அணியினர் தவறான அட்டைக்கு மேல் கையைக் கொண்டுபோகும்போது தலைவர் பெருமூச்சு விடுவதும், இருமுவதும், கண்ணை உருட்டுவதும் துப்புத்தான். அங்கே கல்லாக உட்கார்ந்திருப்பதே நேர்மை. இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எங்கள் அனுபவம் சொல்கிறது.

நான்காவது, பிறமொழிச் சொல். இங்கேதான் பாட்டியின் வழக்கு வருகிறது.

இந்தச் சண்டைகளுக்கெல்லாம் நடுவர் யார்? விதி அழகான ஒரு வழியைச் சொல்கிறது. எதிரணித் தலைவர் ஏற்றுக்கொண்டால் அந்தத் துப்புச் செல்லும். ஐயம் இருந்தால், தம் அணியினர் காதில் விழாமல் எதிரணித் தலைவரையே மெல்லக் கேட்டுக்கொள்ளலாம். செல்லாத துப்பைச் சொல்லிவிட்டால் அந்த முறை உடனே முடியும். எதிரணித் தலைவர் தம் சொற்களில் ஒன்றை இலவசமாக மூடிக்கொள்ளலாம். எதிரியை நடுவராக வைப்பது விந்தையாகத் தோன்றும். ஆனால் இன்று நாம் அநியாயமாக மறுத்தால், அடுத்த முறை நமக்கும் அதே மறுப்பு வரும் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே இருவரும் நியாயத்துக்குக் கட்டுப்படுகிறார்கள்.

இனி பாட்டியின் வழக்கு. அவர் தம் அணிக்குச் சொன்ன துப்பு “கித்தா, மூன்று.” அவர் நினைத்த சொற்கள் பால், வாளி, கத்தி. பேரன் சொன்னதிலும் உண்மை உண்டு. கெத்தா என்ற மலாய்ச் சொல்லுக்கு மரத்தின் பால், பிசின் என்று பொருள். அதிலிருந்துதான் நம் கித்தா வந்தது. ஆனால் விளையாட்டின் விதி, பிறமொழிச் சொல்லை அடியோடு விலக்கவில்லை. ஆடுகிறவர்கள் தங்கள் பேச்சில் இயல்பாக வழங்கும் சொல்லாக இருந்தால் அது செல்லும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கித்தாத் தோட்டம், கித்தாப் பால், கித்தாக் கொட்டை என்று தமிழ் வாக்கியத்தில்தான் அந்தச் சொல்லை வழங்கினார்கள். மண்டோர் என்ற சொல்லும் மலாய் வழியாக வந்ததுதான். அதை நீக்கிவிட்டு நம் தோட்டத்துக் கதையைச் சொல்ல முடியுமா? இவ்வாறு எடுத்துச் சொன்னதும், எதிரணித் தலைவனான பேரன் தலையாட்டி, “சரி பாட்டி, செல்லும்” என்றான். பாட்டி வழக்கில் வென்றார்.

ஆனால் ஆட்டத்தில் தோற்றார். எப்படி என்று கேளுங்கள். அவர் அணியில் இருந்த பத்து வயதுப் பேரன், நாங்கள் வாய் திறப்பதற்குள் துள்ளிக் குதித்து, ‘பாட்டு’ என்ற அட்டையைத் தொட்டுவிட்டான். அது எதிரணியின் சொல். “ஏன்டா பாட்டைத் தொட்டே?” என்று கேட்டோம். “கித்தார்தானே? அதை வச்சுத்தானே பாட்டுப் பாடுவாங்க?” என்றான். அவன் காதில் விழுந்தது கித்தா அல்ல, இசைக்கருவி! கூடமே சிரித்தது. பாட்டியும் சிரித்தார். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அங்கேதான் எங்களுக்கு இந்த விளையாட்டின் உண்மையான பாடம் விளங்கியது. ஒரு துப்பு விதிப்படி செல்லுமா என்பது ஒரு கேள்வி. கேட்பவருக்கு அது போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. துப்புக் கொடுப்பவர் தம் மனத்தில் இருப்பதைச் சொன்னால் போதாது. கேட்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். டிக்ஸிட் என்றொரு பட விளையாட்டு உண்டு; 2010இல் அதே ஜெர்மானியப் பரிசைப் பெற்றது. அதில் துப்பை எல்லாரும் கண்டுபிடித்தாலும் கொடுத்தவருக்குப் புள்ளி இல்லை. ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் இல்லை. சிலருக்காவது புரிய வேண்டும் என்பதே அங்கே விதி.

பூச்சோங் வட்டாரம் ஒரு காலத்தில் ஈய லம்பங்களும் கித்தாத் தோட்டங்களுமாக இருந்தது. இன்று நெடுஞ்சாலையும் பேரங்காடியும் அடுக்குமாடியுமாக நிற்கிறது. கின்ராரா, காசல்பீல்டு என்ற தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தங்கியிருக்கின்றன. மரங்கள் போன இடத்தில் பிறந்த பிள்ளைக்குக் கித்தா எப்படித் தெரியும்? அது அவன் குற்றமல்ல. நாம்தான் சொல்லவில்லை.

அன்றிரவு ஆட்டம் அத்தோடு நின்றுவிட்டது. சின்னவன் பாட்டியின் அருகில் போய், “கித்தான்னா என்ன பாட்டி?” என்று கேட்டான். விடியுமுன் எழுந்தது, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டது, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனது, மங்கில் பால் சொட்டியது, மழை வந்தால் அன்றைய கூலி போனது என்று பாட்டி சொல்லிக்கொண்டே போனார். மூத்த பேரன் பேனாவை எடுத்து, மங்கு, நிரை, பெரட்டு, லயம் என்று புதிய அட்டைகளை எழுதினான். அடுத்த ஆட்டத்துக்கு அவை தயார்.

நேயர்களே, இதற்குப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பழைய நாள்காட்டி அட்டை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பேனா போதும். இருபத்தைந்து சொற்களில் ஐந்தைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். ஐந்தைப் பிள்ளைகள் தங்கள் உலகத்திலிருந்து எழுதட்டும். ஆட்டத்துக்கு முன்பே விதிகளைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சண்டை வந்தால், எதிரணியிடமே நியாயம் கேளுங்கள். பாட்டிக்குப் பேரனின் சொல்லும், பேரனுக்குப் பாட்டியின் சொல்லும் தெரிந்துவிட்டால், அந்த வீட்டில் எந்தத் துப்பும் வீண்போகாது.