தம்பிக்கு ஒரு வீடு

பேகம்பூரில் எங்கள் வீட்டு வாசற்கதவில் வெளிப்பக்கமாக ஒரு பூட்டு தொங்கும். கனமான திண்டுக்கல் பூட்டு. அத்தா தோல்ஷாப்புக்குப் போன பிறகு, அம்மா கடைத்தெருவுக்குக் கிளம்பினால் தம்பியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். பதினைந்து வயதில் அவன் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், இருட்டும்வரை கிடைக்கவில்லை. அன்று வந்த பூட்டு அது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தம்பிக்கு இப்போது 41 வயது. அறிவுசார் குறைபாடு என்று மாற்றுத்திறனாளி அட்டையில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது. ரூபாய் நோட்டை நிறம் பார்த்துத்தான் சொல்வான். அத்தா மவுத்தான பிறகு தெருமுனை டீக்கடைக்காரர், "தம்பிய அனுப்புங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றார். காலையில் கிளாஸ் கழுவுகிறான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பாய் விரிக்கிறான். யார் யார் ஜும்ஆவுக்கு வரவில்லை என்று வீட்டுக்கு வந்து ஒப்பிப்பான். கணக்கு தப்பாது.

அம்மாவுக்கு 74. ராத்திரி படுக்கும்போது கேட்பது ஒன்றுதான்: "எனக்குப் பின்னாடி இவன யாரும்மா பாப்பாங்க?" நான் இருக்கிறேன் என்கிறேன். எனக்கும் வயது 46.

"ஹோம்ல சேத்துருங்க" என்பார்கள். இரண்டு மூன்று போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில், மணியடித்தால் சாப்பாடு, வாசலில் பூட்டு. அதே பூட்டுக்கு எதற்கு அவனை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும்?

வேறு மாதிரி வீடுகளும் இருக்கின்றன. 1964இல் பிரான்சில் திரோஸ்லி என்ற சிற்றூரில், பெரிய விடுதியில் அடைபட்டுக் கிடந்த இருவரை ஜான் வானியே தன்னோடு குடியிருக்க அழைத்துவந்தார். அந்த வீட்டுக்கு லார்ஷ் என்று பெயர். நூஹ் நபியின் கப்பலைக் குறிக்கும் சொல். 1970இல் அது பெங்களூருக்கு ஆஷா நிகேதனாக வந்தது. பிறகு கொல்கத்தாவிலும், நம் சென்னையில் கொட்டிவாக்கத்திலும், கோழிக்கோடு பக்கம் நந்தி பஜாரிலும் அதே பெயரில் தொடங்கினார்கள்.

இந்த வீடுகளில் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கூரையின் கீழ் குடியிருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போகிறவரை நம்பி வீடு நடப்பதில்லை. உடனிருப்பவரும் அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முடிந்தவர் முடிந்த அளவுக்கு. பல மதத்தாரும் சேர்ந்திருப்பதால் எந்தப் பண்டிகையும் எல்லோருக்கும் பண்டிகை.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2019இல் இறந்த வானியே, தன்னை நம்பி வந்த பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்று லார்ஷே ஏற்பாடு செய்த விசாரணை 2020இல் வெளியிட்டது. 2023 அறிக்கை குறைந்தது 25 பெண்களைக் கணக்கிட்டது. படித்தபோது நெஞ்சு கனத்துப்போனது. புனிதர் என்று ஒருவரை நம்பி எந்த வீட்டையும் ஒப்படைக்க முடியாது. அக்கம்பக்கத்தார் எந்த நேரமும் கேட்காமல் உள்ளே வந்துபோகும் வீடாக இருக்க வேண்டும். தெருவுக்குள் இருக்கும் வீட்டில்தான் அது நடக்கும்.

சட்டம் நம் பக்கம்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு, சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகிறது. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்ள அரசு முயல வேண்டும் என்கிறது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் பராமரிப்பு உதவி மாதம் 2,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு வாடகையும் உடனிருப்பவர் சம்பளமும் கொடுக்க முடியாது. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வீடு பிடிக்கலாம் என்று தம்பியைப் போன்ற பிள்ளைகளின் தாய்மார்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனையும் பேசிய பிறகுதான், அவனிடம் கேட்கவே இல்லையே என்று உறைத்தது. "வேற வீட்டுல நாலு பேரோட இருப்பியாடா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "டீக்கடைக்குப் பக்கத்துலயா? பால் வர்றதுக்கு முன்னாடி நான் போகணும்ல."